தலையணையில் கிடந்த நந்தியாவட்டை

ஆனி 5, வியாழன்

விடியலிலிருந்து மழை. தகரக் கூரையில் நெல்லைக் கொட்டுவது போன்ற ஓசை. ஆறு தெரியவில்லை. போட்டாதாங் துறையில் படகு ஊதும் ஒலி மட்டும், யாரோ தூக்கத்தில் பெயர் சொல்லி அழைப்பதைப் போல.

செய்ய வேண்டியவை: விளக்குத் திரி. நல்லெண்ணெய். மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி. ஆடிக் கிருத்திகைக்குக் கோயிலில் பாட வேண்டிய பதிகம். ஆண்டுதோறும் நான் எழுதித் தருவது. இவ்வாண்டு ஓர் அடியும் வரவில்லை.

பூசை முடித்து வராந்தாவுக்குப் போனேன். தொட்டியில் நந்தியாவட்டை புதிய இலை விட்டிருக்கிறது. இரண்டு இலைகள், எதிரெதிராக, கைகூப்பினாற்போல் ஒட்டிக்கொண்டு. விரலால் பிரித்துப் பார்க்கத் தோன்றிற்று. பிரிக்கவில்லை.

யின் இருந்தால், "இங்க வாங்க, இங்க வாங்க" என்று நான் செபத்தில் இருப்பதையும் பாராமல் அழைத்திருப்பாள். அவள் போய் இது மூன்றாம் மாதம். எங்கள் திருமணப் பத்திரிகையில் கமலா என்று அச்சிட்டோம். ஒருவரும் ஒரு நாளும் அப்பெயரால் அழைத்ததில்லை. தந்தை துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய தமிழர், தாய் பர்மியப் பெண். பெயர் தாய் வைத்தது, நின்றதும் அதுவே.

பகலில் மின்சாரம் இல்லை. இருட்டில்லை, வெளிச்சமும் இல்லை. நீருக்கடியில் அமர்ந்திருப்பது போல் ஒரு பொழுது.

ஆனி 8, ஞாயிறு

மழை விட்டுவிட்டு.

மகள் மீனா ஷ்வேப்யிதாவிலிருந்து வந்தாள், இரண்டு பஸ் மாறி. அவளுடைய ஆடை ஆலையில் அளவு வெட்டி மிஞ்சிய தாள் ஒரு சுருள். பழுப்பு நிறம், தடித்தது, அகலமானது. "அப்பா, இதுல பெரிசா எழுதுங்க. பஸ் டிக்கெட் பின்னாடியெல்லாம் எழுதிக் கண்ணைக் கெடுத்துக்காதீங்க." தமிழ் அவ்வளவுதான். மீதி பர்மியத்தில்.

மமாவும் வந்தாள், தன்லியினிலிருந்து. யின்னின் அக்காள். அவளை எல்லோரும் மமா, அதாவது அக்கா, என்றே அழைக்கிறோம்; அவளினும் மூத்தவனாகிய நானும். அவளுக்கு நான் கோ, அண்ணன் முறை. ஈரக் குடையை விரித்து வைக்க வராந்தாவுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

"கோ சிவம். இந்தச் செடி எங்க வாங்கினது?"

"வாங்கவில்லை. தாங்கள் கொண்டுவந்ததுதான்."

"நானா?"

"மயானத்து வாயிலில் ஒடித்து வந்து யின்னின் தலையணையில் வைத்தீர்களே. அன்று மாலையே வாடிற்று. மனம் பொறுக்காமல் சொம்பில் நீர் ஊற்றி வைத்தேன். பிறகு வேர் விட்டது."

மமா தரையிலேயே அமர்ந்துவிட்டாள்.

"அப்ப ஏழாம் நாள் ஆத்துல நான் போட்டது என்னது?"

மீனா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீங்கதானே பெரியம்மா கிளையை எடுத்துட்டு வான்னு சொன்னீங்க. தலையணைக்குப் பக்கத்துல இருந்ததை எடுத்துக் குடுத்தேன்."

"பக்கத்துல இருந்தது தபியே! புத்தருக்கு வெச்ச தபியே! அடிப் பாவி, சாமி முன்னாடி இருந்ததை எடுத்துச் செத்தவளுக்குன்னு ஆத்துல விட்டிருக்கேன்!"

தபியே என்பது நாவல் இனத்துத் தளிர். இவர்கள் வீடுகளில் புத்தர் மாடத்துக் குவளையில் எப்போதும் நிற்கும். கிளைக்குக் கிளை; அவசரத்தில் வேற்றுமை யாருக்குத் தெரியும்? மமாவுக்குக் கண்புரை வேறு.

அவர்கள் வழக்கம் எனக்கு இன்றுதான் முழுவதும் விளங்கிற்று. எரித்துத் திரும்பும்போது அங்கேயே ஒரு கிளை ஒடித்து, இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, அதில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். ஏழு நாள் உயிர் அதில் தங்கும். ஏழாம் நாள் துறவிகளுக்கு உணவளித்து, அறம் கேட்டு, கிளையை நீரில் விட்டுவிட வேண்டும். உயிர் தன் வழி போகும். நாங்கள் கல் நட்டு அதில் இருத்துகிறோம், அவர்கள் கிளையில். அந்த ஏழாம் நாட்காலை நான் குருக்களோடு ஆற்றங்கரையில் எங்கள் கல்லுக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நடந்தது அறியேன்.

மமா தேநீரைத் தொடவில்லை. போகும்போது சொன்னது: "இது வீட்டுல இருக்கிற வரைக்கும் யின் போக மாட்டா. போக முடியாது. வாசோ பௌர்ணமிக்குள்ள பிடுங்கி ஆத்துல விட்டுடணும். அதுக்கப்புறம் மழைக்காலம் முழுக்கத் துறவிங்க விரதம், யாரும் எங்கேயும் நகர மாட்டாங்க. அவளும் மாட்டிக்குவா."

சரி என்றேன்.

ஆனி 11, புதன்

சாரல். காற்று ஆற்றிலிருந்து.

மறைத்து எழுதுவதில் பயனில்லை. இதை வாசிக்க ஒருவரும் இலர். "யின் இன்னும் போகவில்லை" என்று மமா சொன்ன கணத்தில் எனக்குள் எழுந்தது மகிழ்ச்சி. பேரன் பிறந்த செய்தி கேட்ட வீட்டைப் போல் நெஞ்சு நிறைந்துவிட்டது. பற்றறுக்க வேண்டிப் பாடியவற்றையே ஐம்பது ஆண்டாய் ஓதுகிறவன்.

மூன்று நாளாக அதிகாலையில் எழுந்ததும் முதலில் வராந்தாதான். பிறகுதான் மாடத்து விளக்கு. முறை பிறழ்ந்துவிட்டது. அறிந்தே பிறழ்கிறேன்.

செடியோடு பேசுகிறேன். மின்சாரம் எப்போது வந்தது, மீனா எந்தப் பஸ்ஸில் போனாள், கீழ்வீட்டார் மொஹிங்காச் சாற்றில் மீன் குறைத்துவிட்டார்கள் என்பன போன்றவை. செடி கேட்கிறது. இலைநுனியில் ஒரு துளி திரண்டு, விழாமல் நிற்கிறது. நான் சொல்லி முடித்ததும் விழுகிறது.

நண்பகல் உறக்கத்தில் ஒரு கனவு. தன்லியின் பாலம் நீளமாக, முடிவில்லாமல். பாலத்தின் கைப்பிடிகள் இலை விட்டிருந்தன. யின் முன்னே நடக்கிறாள், கன்னத்தில் தனகாச் சாந்து பூசி, கூந்தல் நனைந்து. நான் விரைந்தால் அவளும் விரைகிறாள், நின்றால் நிற்கிறாள். திரும்பவில்லை. விழித்தபோது தலையணை ஈரம். சன்னல் திறந்திருந்தது, மழைச்சாரல்.

எழுந்து எழுதியது:

வேரிலாக் கொம்பிங்கு வேரூன்றி நின்றதே
வேருடையாள் எங்குற்றாள் வீடு

மனிதரைப் பாடுவதில்லை என்பது என் விரதம். இளமையில் குருவின் முன் எடுத்தது. இது கொம்பைப் பாடியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலடிக்கு அது பொருந்தும்.

ஆனி 12, வியாழன்

ஓர் இலை பழுத்து விழுந்தது. மீனாவின் தாளை விரித்து, அதன் மேல் இலையை வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்தேன். உள்ளே நரம்புகளையும் ஒவ்வொன்றாக.

சித்திரகவியில் தேர் உண்டு, நாகம் உண்டு, தாமரை உண்டு. எழுத்துகள் கட்டங்களில் நின்று, ஒரே எழுத்து இரண்டு மூன்று அடிகளுக்கு உதவும். நந்தியாவட்டை இலைக்கு ஒருவரும் கட்டம் வகுத்ததாக அறியேன். நான் வகுக்கலாம். நடுநரம்பில் ஓரடி, காம்பிலிருந்து நுனிவரை. அதன் எழுத்துகளிலிருந்து பக்க நரம்புகளில் சிற்றடிகள் பிறந்து ஓரத்தில் முடியும்.

இடப்பக்க நரம்பும் வலப்பக்க நரம்பும் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை. சற்றே முன்பின். இத்தனை ஆண்டு பூசைக்குப் பூப்பறித்த கை, இன்றுதான் கண்டது. பாட்டு இரு பக்கமும் ஒத்து நடக்க வேண்டும். இலை அப்படி நடக்கவில்லை. அதற்கு யாப்புத் தெரியாது. அல்லது எனக்குத் தெரியாத யாப்பு.

மாலைவரை இதே வேலை. பசி தெரியவில்லை. யின் வந்து "சோறு ஆறுது" என்பாள் என்று உடம்பு காத்திருந்தது போலும்.

ஆனி 15, ஞாயிறு

மொட்டு.

கிளையின் கவட்டில், பச்சையும் வெண்மையும் கலந்து, திருகிய திரியைப் போல. முந்தாநாள் இல்லை. சத்தியமாக இல்லை.

மீனா கைப்பேசியில் படம் எடுத்தாள். அது என்ன செடி என்று சொல்லும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறதாம். முதலில் மல்லிகை என்றது, பிறகு காப்பிச் செடி, மூன்றாம் முறை என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு இஞ்சி என்றது. மீனா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். அம்மா இறந்தபின் அவள் அப்படிச் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "பெரியம்மா தினமும் போன் பண்றாங்க, பௌர்ணமி பௌர்ணமின்னு. நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"நீ என்ன சொல்கிறாய்?"

"எனக்குத் தெரியலப்பா. அம்மா இங்க இருக்காங்கன்னா எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மாவுக்கு நல்லா இருக்கான்னு தெரியல."

மாலை கோயில். குருக்களைத் தனியே அழைத்துக் கேட்டேன். மயானத்திலிருந்து வந்த கொம்பு. அதில் பூ வரப் போகிறது. அதை இறைவனுக்குச் சாத்தலாமா?

குருக்கள் விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியாததா, ஐயா? நீங்களே சொல்லுங்கள்."

"சுடலையில் ஆடுகிறவனுக்குச் சுடலைப் பூ ஆகாதா என்று தோன்றுகிறது."

"சுவாமிக்கு ஆகும். கமிட்டிக்கு ஆகாது."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் மெல்லச் சொன்னார், "கல்லைக் கரைத்துவிட்டு இப்போது கொம்பை வளர்க்கிறீர்களே, ஐயா." பழிக்கும் குரலில்லை. திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனி 18, புதன்

மழை இல்லை. வெயில் கூசிற்று. வீட்டுப் பொருள்களெல்லாம் தம் நிழலோடு நின்றன.

நினைவில் இருப்பவை, இல்லாதவை என்று வகைப்படுத்த முயன்றேன்.

இருப்பவை: அரிசி களைந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றும்போது அவள் தலை சாய்க்கும் விதம். லபெயே தேநீர்க் கடைக்காரரோடு விலை பேசும்போது மட்டும் தமிழில் எண்ணிக்கொள்வது. நான் புதுப்பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டினால், கேட்டு முடித்து, பாதி புரிந்து, "நல்லா இருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்பது. இது முருகனைப் பற்றியது, யின். "தெரியும். ஆனா நான் எங்க இருக்கேன்?"

இல்லாதவை: அவள் குரல். சொற்கள் உள்ளன, அவற்றின் ஒலி போய்விட்டது. என் குரலிலேயே அவை எனக்குக் கேட்கின்றன.

மணம்? அதைச் சோதித்தேன். அவளுடைய தனகாக் கட்டையும் கல்லும் மாடத்துக்கடியில் இருந்தபடியே. சிறிது நீர் விட்டு அரைத்தேன். வட்டமாக, அவள் செய்தது போல். சந்தனம் அரைத்துப் பழகிய கை. ஆனால் இது சந்தனமன்று, கை உடனே உணர்ந்தது, இது வேறு மரம், வேறு மென்மை. குளிர்ந்த மஞ்சள் நிறம். மணிக்கட்டில் பூசினேன். கண் மூடினேன்.

இருந்தாள். அடுத்த அறையில். அலமாரிக் கதவைத் திறப்பவளாக.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாந்து காய்ந்து தோல் இறுகியபோது அலமாரி மூடியிருந்தது. கல்லைக் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றினேன்.

இலைக்கவியில் ஏழு நரம்பு முடிந்தது. மூன்று தேறும்.

ஆனி 21, சனி

மமா தொலைபேசினாள். காலை எட்டு மணிக்கே. குரல் கம்மியிருந்தது.

"கோ சிவம், சண்டை போடறதுக்குக் கூப்பிடல. ராத்திரி யின்னைப் பார்த்தேன்."

"சொல்லுங்கள்."

"உங்க மாடிப்படியில நிக்கிறா. தலையெல்லாம் நனைஞ்சு. செருப்பைக் கையில புடிச்சிருக்கா. ஏண்டி இங்க நிக்கிறேன்னா, உள்ளேயும் போக முடியல, கீழேயும் இறங்க முடியல மமா, காலெல்லாம் நோவுதுங்கறா."

என் கனவிலும் கூந்தல் நனைந்திருந்தது. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

"கேக்குதா?"

"கேட்கிறது."

"அவளுக்கு மூட்டுவலின்னு உங்களுக்குத் தெரியாதா? எத்தனை நாள் நிக்க வெப்பீங்க?"

வைத்துவிட்டாள்.

கடைசி ஆண்டுகளில் மூன்று மாடி ஏறுவதற்கு அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பாள். நான் பைகளோடு பின்னால். "நீங்க முன்னாடி போங்க." போக மாட்டேன். இருவரும் நிற்போம், சுவரில் சாய்ந்து. அந்த நிற்றல் எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு வலித்தது.

இன்று பதிகமும் இல்லை, இலையும் இல்லை. செடியின் முன் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். மொட்டு பெரிதாகியிருக்கிறது. இரண்டு கையாலும் அடிமண்ணைப் பற்றினேன், வேர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க. தூக்கினால் தொட்டி முழுவதும் சேர்ந்தே வருகிறது. நன்றாகப் பிடித்திருக்கிறது. மண்ணைத் தட்டிச் சமன் செய்தேன்.

மீனாவிடம் சொல்லி மமாவுக்குத் தெரிவித்தேன்: செவ்வாயன்று தன்லியினுக்கு எடுத்து வருகிறேன். சயாடோ சொல்கிறபடி செய்வோம். மமாவின் தெருக்கோடி மடத்து மூத்த துறவி அவர். ஏழாம் நாள் வந்து அறம் உரைத்தவரும் அவரே.

ஆனி 24, செவ்வாய்

கனத்த மழை. திரும்பி வந்து உடை மாற்றி எழுதுகிறேன்.

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் அமர்ந்தேன். நடத்துநர் குனிந்து பார்த்தான். "தாத்தா, இவங்களுக்கும் சீட்டு வேணுமா?" பர்மியத்தில் உயிருள்ளவருக்குச் சொல்லும் சொல்லாலேயே கேட்டான், கேலிக்காக. பின்னிருக்கைப் பெண்கள் சிரித்தார்கள். வேண்டாம், மடியில் இருப்பாள் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பாலத்தின் மேல் ஏறியதும் ஆறு இருபுறமும் மழையில் கரைந்து, பஸ் வானத்தில் போவது போலிருந்தது. மொட்டைக் கையால் மூடிக்கொண்டேன், குலுங்காதிருக்க.

மமா மடத்து வாசலில் காத்திருந்தாள். பிடுங்கிய பின் சுற்றி எடுத்துப் போக வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தாள். உள்ளே போய் இருவரும் வணங்கி அமர்ந்தோம். மமா எல்லாவற்றையும் சொன்னாள்: தபியே, சொம்பு, கனவு, செருப்பு. சயாடோ தொட்டியைப் பார்த்தபடி கேட்டார்.

"வேர் விட்டிருக்கா?"

"விட்டிருக்கு, பயா," என்றாள் மமா, துறவியரை விளிக்கும் சொல்லால்.

"மொட்டு இருக்கு போல."

"ஒண்ணு இருக்கு, பயா."

"அப்ப இது உயிருள்ள செடி. இதைப் பிடுங்குன்னு நான் சொன்னா எனக்குக் குற்றம். வெட்டு, எறி, ஆத்துல விடு, எதுவும் என் வாயிலேருந்து வரக்கூடாது. பச்சைச் செடிக்குத் துறவி கேடு செய்யறதும் தப்பு, செய்யச் சொல்றதும் தப்பு. விதி."

மமா கைகூப்பியபடியே திகைத்தாள். "அப்ப நாங்க என்ன செய்யறது, பயா?"

"அதைத்தான் என்கிட்ட கேக்காதேங்கறேன்." சிரித்தார். வாயில் இரண்டு பல். பிறகு தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே, "அவளை வீட்டுக்குக் கூப்பிட்டது யாரு?"

"நான்தான், பயா."

"எதை வெச்சுக் கூப்பிட்டே?"

"பேரைச் சொல்லித்தான்."

அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கூரை ஒழுகுவது, தானம் கொடுத்தவர் ஓட்டை ஓடு கொடுத்தது.

தொட்டியோடும் வெள்ளைத் துணியோடும் தெருவில் நின்றோம். மமாவின் குடை, இருவருக்கும் போதாது, செடிக்குப் பிடித்தோம். எனக்குள் ஒரு கள்ள மகிழ்ச்சி ஓடியதை அவள் கண்டிருப்பாள்.

பஸ் வந்ததும் அவள்தான் பேசினாள். "வாயால கூப்பிட்டேன். வாயாலயே அனுப்பிடறேன். செடி இருந்துட்டுப் போகட்டும். ஆனா நான் மட்டும் சொன்னாப் பத்தாது. வீட்டுக்காரர் நீங்க சொல்லணும். நீங்க விடாம அவ நகர மாட்டா, அவ குணம் உங்களுக்கே தெரியும்."

ஆனி 26, வியாழன். வாசோ பௌர்ணமி

காலையில் தூறல். நண்பகலில் வெளுத்தது.

மீனாவுக்கு ஆலையில் விடுப்பு. மமா வெள்ளை மேற்சட்டை, வாழைப்பழம், தேங்காய், மெழுகுவத்தி. நான் குளித்து, திருநீறணிந்து, துவைத்த வேட்டி. இரவே ஒரு வெண்பா எழுதி மடித்து இடுப்பில் வைத்திருந்தேன். விடைகொடுத்தற் பாட்டு. குற்றமில்லாத வெண்பா.

வராந்தாவில் பாய் விரித்துத் தொட்டியைச் சுற்றி அமர்ந்தோம்.

மமா முதலில். பர்மியத்தில், அதட்டும் குரலில், ஐந்து வயதுத் தங்கையைப் பள்ளிக்கு அனுப்புகிறவள் போல. "யின், நான்தான் கூப்பிட்டேன், நானே சொல்றேன். இங்க உனக்கு வேலை முடிஞ்சுது. இவரு சாப்பிடறாரு. மீனா வேலைக்குப் போறா. தானம் பண்ணதோட பலன் உனக்குத்தான். படியில நிக்காதே. எங்களைப் பார்த்துத் தேங்காதே." குரல் அங்கே உடைந்தது. உடனே மூக்கைச் சிந்திக்கொண்டு மீனாவை முழங்கையால் இடித்தாள்.

மீனா: "அம்மா, போங்கம்மா. அப்பாவை நான் பார்த்துக்கறேன். உங்க பச்சை லோங்ஜியை நான் கட்டிக்க எடுத்துக்கிட்டேன். கேக்காம எடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க."

என் முறை.

வெண்பாவை எடுத்தேன். விரித்தேன். முதற்சீர் கண்ணில் பட்டது. அத்தனை ஒழுங்கு. இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் கேட்டால் காட்ட ஓரிடமும் இல்லை. மடித்துவிட்டேன். வாய் தானாகச் சொல்லிற்று:

"போய் வா, யின்."

"ஐயோ!" மமா தொடையில் அறைந்தாள். "வான்னு சொல்லிட்டீங்களே! வான்னா மறுபடியும் வந்துடுவாளே!"

மீனா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாது. "பெரியம்மா, இப்ப மொதல்லேருந்தா?"

"மொதல்லேருந்துதான். மெழுகுவத்தி இன்னொண்ணு எடு."

தமிழ் வீட்டில் பிறந்தவன். போகிறவரை வெறுமனே போ என்று ஒரு நாளும் அனுப்பியதில்லை. சந்தைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், அக்காள் வீட்டுக்குப் போனாலும் அவளிடம் அதையேதான் சொன்னேன். மருத்துவமனை வண்டியில் அவளை ஏற்றிக் கதவைச் சாத்தியபோதும், நானும் உடன் ஏறப்போகிறவன் என்பதை மறந்து, அதையே சொன்னேன்.

மமா மறுபடியும் சொன்னாள், அதே சொற்களை, இம்முறை மெதுவாக. மீனாவும் சொன்னாள், லோங்ஜியோடு ஒரு தோட்டையும் சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு அந்த ஓரெழுத்து வரவில்லை. மெழுகுவத்தி பாதி இறங்கிற்று. எதிர்மாடியில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.

மமா தாழ்ந்த குரலில், "பர்மியத்துல சொல்லுங்களேன். அவளுக்குச் சுலபமாப் புரியும்."

"தமிழில் சொன்னால்தான் நான் என்று அவளுக்குத் தெரியும்."

"அப்ப சொல்லுங்க."

செடியைப் பார்க்கவில்லை. வாசற்பக்கம் பார்த்தேன், மாடிப்படி இருக்கும் பக்கம்.

"போ, யின். கால் வலிக்கும். போ."

ஒன்றும் நிகழவில்லை. இலை அசையவில்லை, சுடர் அசையவில்லை. மமா கண்ணை மூடியிருந்தாள். சற்று நேரம் கழித்துத் தேங்காயை உடைக்க அரிவாள் எங்கே என்று கேட்டாள்.

மாலையில் நிலவு மேகத்துக்குள். மீனா பாத்திரம் கழுவினாள். மமா ஏழு மணிப் பஸ்ஸில்.

ஆனி 29, ஞாயிறு

மழை. திருகாணி கிடைத்தது, கண்ணாடி சரியாயிற்று.

பூ விரிந்துவிட்டது. நேற்றே விரிந்திருக்க வேண்டும். நேற்று முழுவதும் கோயிலில் பதிகம் எழுதிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. ஐந்து இதழ், ஒரே பக்கமாகச் சற்றே முறுக்கி, காற்றில் நின்றுபோன சிறு காற்றாடியைப் போல. வெண்மை. மணம் மிகக் குறைவு, மூக்கருகே வைத்தால் மட்டும். பறிக்கவில்லை.

அடியில் மண் காய்ந்திருந்தது, சாரல் அந்த மூலைக்கு எட்டுவதில்லை. ஒரு சொம்பு ஊற்றினேன். பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தேன்.

உள்ளே வந்து, கை துடைத்து, விளக்கேற்ற அமர்ந்தபோதுதான் தெரிந்தது. அதனோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.